செண்பகத்தின் நாற்பத்து மூன்று பக்கங்கள்

செண்பகம் முதன்முதலாக வேலைக்கு வந்த நாள், சரவணம்பட்டி முழுக்கத் தண்ணீர் லாரி வராமல் போன நாள் என்பதால் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஆடிக்காற்று கடைகளின் தகரக் கூரைகளை ஆட்டிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மாந்தளிர் நிறத்துச் சுடிதாரும் தோளில் ஒரு துணிப்பையுமாக ஒரு பெண் கட்டட வாசலில் வந்து நின்றாள். காவலுக்கு இருந்த மருதாசலம் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, "ஏனுங் அம்மணி, எந்த மாடிக்குங்க?" என்றார்.

"மூணாவது மாடிங்ண்ணா. முதுகுவலி இப்பத் தேவலைங்களா?"

முதுகு வலிப்பதை மருதாசலம் தன் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு லிஃப்டைக் காட்டினார். பதிவேட்டில் பெயர் எழுதாமல் எப்படி விட்டீர்கள் என்று பிறகு கேட்டவர்களிடம், இந்த வாசலில் ஆறு வருசமாக நிற்கிறேன், என் முதுகைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான், அவளைப் போய் எப்படி நிறுத்தி வைப்பது என்று சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது மாடியில் இருந்தது, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் பழுதானால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் செயலியை நடத்தும் கம்பெனி. அதன் மேற்கு மூலையில், ஏசி காற்று சரியாக வராத இடத்தில், கோகிலவாணியும் அருள்தாஸும் உட்காரும் மொழிப்பிரிவு இருந்தது. அந்தப் பெண் நேராக அங்கே போய், "வந்துட்டேங்க்கா" என்றாள். கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். இடது புருவத்தைப் பாதியில் வெட்டிய ஒரு தழும்பு. எட்டு வயதில் ஊஞ்சல் பலகை அடித்து வந்த தழும்பு அது என்று கோகிலவாணிக்குத் தெரியும், ஏனென்றால் அதை ஒன்பதாம் பக்கத்தில் எழுதியவள் அவள்தான். எழுந்து போய்ப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சாப்ட்டயா?"

"ரெண்டு இட்லிங்க்கா."

"நாலு சாப்பிடுவான்னு எழுதியிருந்தீங்களே" என்றார் அருள்தாஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது ஞாயித்துக்கிழமைக்கு" என்றாள் கோகிலவாணி.

கோகிலவாணி வரலாற்றில் எம்.ஏ. படித்தவள், அந்தியூர்க்காரி. மூன்று வருடம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். முதல் வருடம் பதினொரு பேரும், அடுத்த வருடம் நாலு பேரும் சேர்ந்தார்கள், மூன்றாம் வருடம் யாருமே சேராததால் துறையையே மூடி, அந்த அறையில் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் விளம்பரம் வந்தது. என்ன பட்டம் படித்திருந்தாலும் பரவாயில்லை, மனிதர்களிடம் பேசத் தெரிந்தால் போதும், இரண்டு வருடம் கழித்து நிரந்தரம் என்று அதில் போட்டிருந்தது. நேர்முகத்தில் மேலாளர் பிரேம்நாத்தும் அதையே தன் வாயால் சொன்னார். "மெஷினைப் பேச வைக்க எங்க பசங்களுக்குத் தெரியும், கோகிலா. என்ன பேசறதுன்னுதான் தெரியாது. அதுக்குத்தான் நீங்க."

அவளுக்கு முதலில் கொடுத்த வேலை, செயலியில் வாடிக்கையாளர்களோடு பேசப்போகும் மெஷினுக்கு ஒரு பெயரும் குணமும் எழுதித் தருவது. ஒரு பக்கம் போதும் என்றார்கள். இஞ்சினியர் யாரிடமாவது கொடுத்திருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். கோகிலவாணியோ, ஒரு கல்வெட்டில் ஒரு பெயரைப் பார்த்தால் அந்த ஆள் எந்த ஊர், யார் மகன், எந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தான் என்று தேடாமல் விடக் கூடாதென்று பழகியவள். ஆகவே செண்பகம் என்று பெயர் வைத்ததோடு நிற்காமல், போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்தாள் என்றும், அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் என்றும், மழைச் சத்தம் கேட்டால் பேச்சைக் குறைப்பாள் என்றும், யாரைப் பார்த்தாலும் முதலில் உடம்பைப் பற்றி விசாரிப்பாள் என்றும் எழுதிக்கொண்டே போனாள். எந்த வீட்டில் எந்த மெஷின் நின்றாலும், அதன் வரிசை எண்ணைக் கேட்பதற்கு முன்னால், பாதியில் நின்றுபோன மாவை, துணியை, சட்னியை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்பாள். அறுபது கடந்த ஆண்களை அப்பா என்றே அழைப்பாள். யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவள். நாற்பத்து மூன்று பக்கம்.

அதில் இருபத்தோராம் பக்கத்தில், செண்பகம் பி.இ. படித்தவள், மின்னியல், ட்ரிபிள் ஈ, என்று எழுதினாள். கிரைண்டர் மோட்டாரைப் பற்றிப் பேசுகிறவள் படித்தவளாக இருந்தால் சனங்கள் நம்புவார்கள் என்பது அவள் பிரேம்நாத்திடம் சொன்ன காரணம். சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா நாச்சிமுத்து மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவர். அவர் கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருக்க, மகன் வயதுள்ள இஞ்சினியர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கையைக் காட்டுவார்கள். மகள் ஒருநாள் அந்த ஜீப்பில் வர வேண்டும் என்பதற்காகவே அவர் கம்பம் ஏறினார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்து, கவுன்சிலிங்கில் ட்ரிபிள் ஈ இடமும் கிடைத்தபோது, கோகிலவாணி எனக்கு வரலாறுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசுவது, சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்து என்கிற அளவோடு நின்றுபோனது. அவளுக்கும் அவரை அப்பா என்று கூப்பிடுவது நாக்கில் நின்றுபோனது. இந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அவர் தெருவில் வாயைத் திறந்தார். பொண்ணு ஐ.டி.யில இருக்கு, இஞ்சினியர் மாதிரித்தான் என்றார். ஆறு மாதத்தில் மாதிரி என்ற சொல் உதிர்ந்துபோனது. நிரந்தரமாகிவிட்டால் அந்தப் பேச்சு பொய்யாக இருக்காது என்று கோகிலவாணி நம்பினாள். அவள் வேண்டாமென்று விட்டுவந்த அதே கல்லூரி, அதே பிரிவு, அதே வருடத்தை அவள் செண்பகத்துக்குக் கொடுத்திருந்தாள்.

செண்பகம் வந்து சேர்ந்த பிறகு கம்பெனி அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முதல் நாள் மூன்று பேர் எழுந்து வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் ஒருவர்கூட வரவில்லை, மூன்றாம் நாள் வந்தவர் அவளிடம் சார்ஜர் கடன் கேட்கத்தான் வந்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள், முந்நூறு வீடுகளின் திரைகளில் முந்நூறு விதமாகப் பதில் ஓடும், நடுவில் டீயும் குடிப்பாள். அடையாள அட்டை கொடுப்பதா வேண்டாமா என்று மனிதவளப் பிரிவில் இரண்டு கூட்டம் நடந்தது. ஆதார் எண் இல்லாததால் பார்வையாளர் அட்டை கொடுத்து, அதைத் தினமும் மாலை திருப்பி வாங்கிக்கொள்வதென்று முடிவானது. ஆயுத பூஜையன்று எல்லோருக்கும் பொரிப்பொட்டலம் கொடுத்தபோது, அவளுக்கும் ஒன்று கொடுத்து, அவள் நெற்றியிலும் சந்தனம் வைத்தார்கள். ஆளுக்கு வைத்ததா மெஷினுக்கு வைத்ததா என்று அருள்தாஸ் கேட்டார். வைத்த ஆள், எனக்கே தெரியாதுங்க, கை நீட்டுனாங்க வெச்சேன் என்றார்.

எழுதாத எதுவும் அவளுக்கு நினைவில் இருக்காது. உனக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று யாராவது கேட்டால், செண்பகம் திரும்பிக் கோகிலவாணியைப் பார்ப்பாள். கோகிலவாணி சாயங்காலம் கிளம்புவதற்குள் ஒரு வரி எழுதுவாள், மறுநாள் காலையில் செண்பகம், "ஆறாவது படிக்கறப்பப் போட்டுச்சுங்க, வேப்பந்தழை மேலயே படுத்துட்டிருந்தேன்" என்று சொல்வாள். இது தெரிந்ததும் ஆளாளுக்கு வந்து வரி கேட்டார்கள். கேரம் ஆடுவாள் என்று எழுதுங்கள் என்றார் அருள்தாஸ். எங்க ஊர் கோயில் தேர் பார்த்திருக்கிறாள் என்று எழுதுங்கள் என்றார் கேன்டீன்காரர். மருதாசலம் மாடியேறி வந்து, "எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சுங், அது மாதிரிச் சிரிக்கும்னு போடுவீங்களா" என்றார். கோகிலவாணி எல்லாவற்றையும் எழுதினாள். அப்படியே செண்பகம் அந்த மாடியில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் சொந்தமாகிப்போனாள்.

தங்குவது கோகிலவாணியின் ஹாஸ்டல் அறையில். விடுமுறை நாட்களில் இரண்டு பேரும் துணி துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசுவார்கள். எழுதிக்கொடுத்தது போக, வாயால் சொன்னதும் செண்பகத்துக்கு நிற்கிறது என்பதைக் கோகிலவாணி அங்கேதான் கண்டுபிடித்தாள். அதனால் அப்பாவின் ஜீப் ஆசையை, அவர் கம்பம் ஏறி ஏறித் தேய்ந்துபோன முழங்காலை, மழைக்காலத்தில் அந்த முழங்காலுக்கு அவர் யாருக்கும் தெரியாமல் விளக்கெண்ணெய் தடவுவதை, அவள் வேறு யாரிடமும் சொல்லாத மாதிரி செண்பகத்திடம் சொன்னாள்.

"நீங்க அவர்கிட்டப் போய்க் கேக்கலாமில்லீங்க்கா, வலிக்குதான்னு."

"எனக்கு வராது. நீதான் எல்லாரையும் கேப்ப."

"நீங்க எழுதுனதாலதானுங்க கேக்கறேன்."

இரண்டு வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பிரேம்நாத் மொழிப்பிரிவை அழைத்துப் பேசினார். இனிமேல் செண்பகமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால், பிரிவில் ஒரே ஒரு இடம்தான் நிரந்தரம். அருள்தாஸுக்கு விசயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கருமத்தம்பட்டிப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டதாகச் சொன்னார். ஆக அந்த ஒரு இடம் கோகிலவாணிக்குத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கேன்டீன்காரர் கேசரி கிளறினார். கோகிலவாணி ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னாள். பின்னால் அப்பாவின் குரல், "என்னவாம், என்னவாம்" என்று கேட்டது. அவர் அப்படி இரண்டு முறை கேட்டு அவள் பல வருடமாகக் கேட்டதில்லை.

மறுவாரம் பிரேம்நாத் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"தலைமை அலுவலகத்துல புது விதி போட்டுட்டாங்க கோகிலா. நிரந்தரம்னா இஞ்சினியரிங் டிகிரி வேணுமாம்."

"என்ன பட்டமா இருந்தாலும் பரவாயில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். அப்ப அது உண்மைதான்."

"பிரிவுல இஞ்சினியரே இல்லையே சார்."

பிரேம்நாத் பேப்பர்வெயிட்டை நிறுத்தினார். "செண்பகம் இருக்குதே. ட்ரிபிள் ஈ. நீங்க எழுதுனதுதான், இருபத்தோராம் பக்கம்."

ஆதார் இல்லாத ஆளுக்கு எப்படி நிரந்தரம் என்று கேட்டாள். பட்டம்தான் விதியில் இருக்கிறது, ஆதார் விதியில் இல்லை என்றார். அந்த அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், செண்பகம் யாருக்கோ டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கோகிலவாணி நேராக வெளியே வந்து, "செண்பகம், இந்த இடம் எனக்கு வேணும், நீ வேண்டாம்னு சொல்லிரு" என்றாள். "சரிங்க்கா" என்றாள் செண்பகம். பதினோரு மணிக்குப் பிரேம்நாத் கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், "சரிங்க சார்" என்று போட்டாள். மதியம் கோகிலவாணி கேட்டாள், செண்பகம் சரிங்க்கா என்று கடிதத்தைக் கிழித்தாள். மூன்று மணிக்கு வேறு கடிதம் வந்தது, போட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே நடந்தது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் மறுக்கவுமில்லை. கடைசியாகக் கேட்டவர் யாரோ அவருடையவளாக இருந்தாள். மாடியில் இருந்தவர்கள் முதலில் வருத்தப்பட்டார்கள், பிறகு கிழிந்த காகிதத்தை யார் கூட்டுவது என்று முணுமுணுத்தார்கள். முன்பு தங்கள் தங்கள் வரியைக் கேட்டு வாங்கிப்போனவர்களில் ஒருவர்கூடப் பிரேம்நாத்தின் அறைக்குள் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. கேன்டீன்காரர் மட்டும், "இஞ்சினியர் புள்ளைன்னா அதுக்கும் ஒரு நியாயம் இருக்குதுல்லீங்க" என்றார். அவரும் ஒரு வரி வாங்கியவர்தான்.

கோகிலவாணியிடம் நாற்பத்து மூன்று பக்கத்தையும் திறக்கும் சாவி இன்னும் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, இருபத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். பி.இ. என்ற அந்த ஒரு வரியை அடித்தால் போதும். ஆனால் அதோடு நாலு வருடக் கல்லூரி போகும், பேருந்தில் பிடித்த இடம் போகும், மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க ரயில்வே சீருடையோடு வந்து கடைசி வரிசையில் நின்ற அந்தக் கேங்மேன் போவார். அவரை எழுதும்போது கோகிலவாணி அழுதிருந்தாள். அவள் கை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய், யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவள் என்ற வரியில் நின்றது. வாடிக்கையாளருக்காகத்தான் அதை எழுதினாள். இப்போது அதைப் படிக்கையில், ஒரு பெண்ணைப் பற்றி இப்படி எழுதத் தனக்கு எப்படி மனசு வந்தது என்று கூசியது. அந்த வரியை அடித்துவிட்டு, தனக்கு வேண்டியதும் வேண்டாததும் அவளுக்குத் தெரியும் என்று எழுதினாள். இனி பிரேம்நாத் கேட்டால் செண்பகம் முடியாது என்பாள். அவள் தன் பக்கம்தான் நிற்பாள் என்பதில் கோகிலவாணிக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை, ஏனென்றால் நன்றி மறக்காதவள் என்று முப்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை செண்பகம் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முதன்முறையாக உதடு அசையவில்லை. முந்நூறு வீடுகள் காத்திருந்தன.

"பிரேம்நாத் சார் வந்தா, வேண்டாம்னு சொல்லிரு" என்றாள் கோகிலவாணி.

செண்பகம் தன் பார்வையாளர் அட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாட்டேங்க்கா."

கோகிலவாணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்ன மாட்டே?"

"எனக்கும் இந்த வேலை வேணுமுங்க்கா. தினமும் சாயங்காலம் இந்த அட்டையத் திருப்பிக் குடுத்துட்டுப் போறேன். எனக்குன்னு பேர் போட்ட அட்டை வேணும்." அவள் குரலில் கோபம் இல்லை. "உங்களுக்கு ஊர் இருக்குது, அம்மா அப்பா இருக்காங்க. எனக்கு நீங்க எழுதுன போத்தனூருக்குப் போனேனுங்க்கா, முந்தாநேத்து. அங்க எங்கப்பன் இல்ல."

"நான்தானே உனக்கு…" என்றாள் கோகிலவாணி.

"ஆமாங்க்கா. மறக்க மாட்டேன்" என்றாள் செண்பகம். பிறகு சாய்ந்து உட்கார்ந்து உதட்டை அசைக்கத் தொடங்கினாள். முந்நூறு வீடுகளுக்கும் பதில் போனது.

பங்குனி முடியும் முன்பே கோகிலவாணி ஊர் வந்து சேர்ந்தாள். கிளம்பிய அன்று மருதாசலம் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். பேருந்து வந்ததும் பையை உள்ளே வைத்துவிட்டு, "அது இப்பவும் என் தங்கச்சி மாதிரித்தானுங் சிரிக்குது" என்று தப்பு செய்தவர் போலச் சொன்னார். அந்தியூரில் மாமாவின் ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் இடம் ஒன்று காலியாக இருந்தது, வைகாசியிலிருந்து வரச் சொல்லியிருந்தார். அப்பா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தெருவில் கேட்டவர்களிடம், வீட்டில் இருந்தே வேலை பார்க்குது என்று சொல்லிக்கொண்டார்.

சித்திரையில் ஒரு காலை, அம்மா இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் பாதியில் நின்றுபோனது. லைன்மேன் வேலை பார்த்த நாச்சிமுத்து மோட்டாரைத் தானே கழற்றிவிடுவார், ஆனால் வாரண்டி இருந்தது. வாங்கிய கடைக்காரர் சொல்லியிருந்தபடி போனில் அந்தச் செயலியைத் திறந்து, பேரையும் ஊரையும் புகாரையும் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலவாணி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்த பதிலை உரக்கப் படித்தார், கண்ணாடி இல்லாமல் படிக்கும்போது அவருக்கு உரக்கத்தான் வரும்.

"வணக்கம் அப்பா. பாதி மாவுல நின்னா வீட்ல எல்லாருக்கும் சங்கடந்தான். முதல்ல மாவை வேற பாத்திரத்துல வழிச்சு, நிழல்ல வைக்கச் சொல்லுங்க, கெட்டுப்போகாது. அப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்."

அது கோகிலவாணியின் வரி. பதினேழாம் பக்கம். அம்மா உடனே மாவை வழிக்கத் தொடங்கினாள்.

"எவ்வளவு பாங்கா சொல்லுது பாரு" என்றார் அப்பா. எல்லோரிடமும் கேட்பதுபோல், நீ என்ன படிச்சிருக்க அம்மணி என்று தட்டினார். பதில் வந்தது. அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ட்ரிபிள் ஈயாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்து வந்ததைப் படிக்கும்போது அவர் குரல் இறங்கியது. "முழங்கால் வலி எப்படி இருக்குதுங்கப்பா? கம்பம் ஏறுன காலு. மழைக்கு முன்னாடியே விளக்கெண்ணெய் தடவ ஆரம்பிச்சிருங்க." அந்த வரி நாற்பத்து மூன்று பக்கத்தில் எங்கேயும் கிடையாது. மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டி நிழலில், ஈரத்துணி வாசனையில் சொன்னது அது.

அப்பா சிரித்தார். அவர் சிரித்து அந்த வீடு பல வருடமாகக் கேட்டதில்லை. அம்மா மாவுக்கையோடு எட்டிப் பார்த்தாள். "எப்படித் தெரியும் இந்தப் புள்ளைக்கு" என்று அப்பா இரண்டு முறை சொன்னார். பிறகு, வலிக்குது அம்மணி, மூணு வருசமா ரெண்டு காலும் வலிக்குது, வீட்ல சொல்லல என்று, ஒரு விரலால், வெகுநேரம் தட்டினார். தட்டும்போதும் உரக்கவே படித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து மோட்டாரை மாற்றிவிட்டுப் போனான். அப்பா போனைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார். "அஞ்சு நட்சத்திரம் போடணும்னு கேக்குது. எனக்குத் தெரியல. நீ ஐ.டி.யில இருந்தவ, போட்டுக் குடு."

கோகிலவாணி வாங்கி ஐந்தையும் அழுத்தினாள். அவை ஒவ்வொன்றாக மஞ்சளாயின. கீழே ஒரு சிறிய கட்டம் திறந்து, செண்பகத்துக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியையும் எழுதியவள் அவள்தான்.

"என்னவோ எழுதறதுக்கு எடம் விட்டிருக்குதே, என்னன்னு போடற?" என்றார் அப்பா, அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

அப்பா என்ற சொல் அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் எத்தனையோ முறை ஒலித்துவிட்டது, எல்லாம் போனில் வந்ததை அவரே படித்தது.

"ஒண்ணுமில்லீங்" என்று சொல்லிவிட்டு, வெறும் கட்டத்தை அப்படியே அனுப்பினாள்.